வழித்துணைக்கு நால்வர்

நான் கை நீட்டுகிற வேலைக்குப் போகிறேன் என்றுதான் அப்போது எங்கள் வீட்டில் நம்பினார்கள். உத்திரமேரூரில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய மருத்துவ மையத்தில் எனக்கு வேலை. காப்பீடு இல்லாதவர்கள் மருத்துவம் பெறுவதற்காக நிதி நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதுவதும், வந்த நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. இதை எத்தனை முறை விளக்கினாலும், நான் யாரிடமோ போய்ப் பணம் கேட்கிறேன் என்பது மட்டும்தான் என் மாமனார் மனத்தில் தங்கியது. இரண்டு போகம் விளையும் நிலமும் சொந்தக் களமும் உள்ள குடும்பம் எங்களுடையது.

“நம்ம வூட்டுக்கு வந்து நாலு பேரு கேட்டு வாங்கிக்கினு போவாங்க. நம்ம வூட்டுப் பொண்ணு ஊருக்கோசரம் போய்க் கேட்டுக்கினு நிக்குது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்படுவார்.

என் கொழுந்தனார் வேறு விதமாக நம்பினார். வெளியூர்ப் பணம் மூட்டை மூட்டையாக என் கை வழியே போகிறது என்பது அவர் எண்ணம்.

“அண்ணி, உங்க ஆபீசுல போர்வெல்லுக்குத் தருவாங்களா?”

“மூச்சு வாங்கறவங்களுக்குத்தான் தருவாங்க தம்பி.”

“நம்ம போர்வெல்லும் தண்ணி இல்லாம மூச்சுதான் வாங்கிக்கினு கீது. வந்து பாக்கச் சொல்லுங்க.”

என் கணவர் இரு தரப்பிலும் சேரமாட்டார். காலையில் வண்டியில் கொண்டுபோய் மையத்து வாசலில் விட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் வயலுக்குப் போவார்.

சென்ற மாதம், அந்த மையத்தில் இப்போது விண்ணப்பம் எழுதும் நிவேதா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். இப்போதெல்லாம் எல்லாம் இணையத்தில்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அடங்காத காரணத்தை அது ஏற்றுக்கொள்வதில்லை. “மேடம், வழித்துணைன்னு ஒரு செலவு இருக்கே, ஒரு நோயாளிக்கு எதுக்கு நாலு பேர்? குறைச்சிடலாமா?” என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன், முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் இந்த வேலைக்கென்று படித்தவள் அல்ல. காஞ்சிபுரத்தில் வரலாறு படித்தேன், தட்டச்சு கற்றேன், திருமணத்துக்குப் பிறகு ஒரு பள்ளி நூலகத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பள்ளி மூடப்பட்டபோது, ‘தமிழும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதத் தெரிந்தவர் தேவை’ என்ற அறிவிப்பைப் பார்த்து மையத்துக்குப் போனேன். மற்றதெல்லாம் டாக்டர் சுலோசனாவிடம் கற்றது.

டாக்டர் சுலோசனா அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் அந்த மையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். மெல்லிய குரல். நோயாளி தரையில் உட்கார்ந்திருந்தால் தாமும் தரையில் உட்கார்ந்துதான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்திருப்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரே ஓர் அடையாளம் உண்டு, எதிரில் இருப்பவரிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார். வேளை கெட்ட வேளையில் அந்தக் கேள்வி வந்தால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

என் முதல் விண்ணப்பத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். ‘பரிதாபத்துக்குரிய மக்கள்’ என்று எழுதியிருந்தேன். அதை வட்டமிட்டு, ஓரத்தில் ‘யாருக்கு?’ என்று எழுதினார். ‘கொடிய வறுமை’ என்பதற்கும் அதே கேள்வி. அடைமொழிகளையெல்லாம் எடுத்தபின் விண்ணப்பம் பாதியாகச் சுருங்கியது. மீதமிருந்ததைக் காட்டி, “இதுல என்ன நடக்குதுன்னு எழுதுங்க கோமதி. எப்படி உணரணும்னு அவங்களுக்குத் தெரியும்” என்றார்.

என்ன நடக்கிறது என்பது இதுதான். சென்னையின் அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போய், ரயில் ஏறி, மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி, நாள் குறித்துக்கொண்டு திரும்பி, மறுபடி போவதற்கு ஆகும் செலவை யாரும் கொடுப்பதில்லை. துணைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். கூலி போனால் வீட்டில் உலை ஏறாது. ஆகவே துணை வராது. துணையில்லாமல் நோயாளியும் போகமாட்டார். காப்பீட்டு அட்டை இருந்தால் பக்கத்திலேயே வேறு மருத்துவமனைக்குப் போகலாம். அந்த அட்டைக்குக் குடும்ப அட்டை வேண்டும். குடும்ப அட்டைக்கு விலாசம் வேண்டும். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பங்களுக்கு விலாசம் கிடையாது. இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் நாங்கள் நிதி கேட்டோம். பயணம், உணவு, துணைவருபவரின் கூலி ஆகிய மூன்றையும் சேர்த்து ‘வழித்துணை’ என்று டாக்டர் பெயரிட்டார். ஒரு நோயாளிக்கு ஒருவர் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தோம்.

டாக்டர் வைத்திருந்த இன்னொரு நடைமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிதி நிறுவனங்கள் ‘பயனாளியின் கதை’ என்று ஒன்றைக் கேட்கும். அதை எழுதிய பிறகு, யாரைப் பற்றி எழுதினோமோ அவரிடமே போய் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் அனுப்பலாம். இந்த நடைமுறையால்தான் எனக்கு வள்ளி நெருக்கமானாள்.

ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து சவுக்கு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் வள்ளி. திருமணமாகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சிறு வயதில் வந்து போன ஒரு காய்ச்சல், அவள் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. கரையேறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். அது நாற்பது வயது வரைகூட நீளலாம். அதோடு, சென்னையில் பலூன் வைத்து அந்த வால்வை விரிக்க வேண்டும். விரிக்காமல் கருவுற்றால் தாயும் பிழைப்பது அரிது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் எழுதிய கதையை அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து படித்தேன். ‘வள்ளி கண்ணீர் மல்கத் தன் நிலையைக் கூறினார்’ என்ற வரி வந்ததும் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“நா எங்கக்கா அழுதேன்? நீ டீ வாங்கிக் குடுத்த. குடிச்சிக்கினு சிரிச்சிக்கினுதான இருந்தேன்?”

விறகு அடுக்கிக்கொண்டிருந்த அவள் மாமியார் கன்னியம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “அவ அழுவல. இந்தம்மாதான் மூக்க உறிஞ்சிக்கினு எழுதிக்கினு இருந்துச்சி.”

அந்த வரியை அடித்தேன். “வேற என்ன எழுதணும், சொல்லு.”

“ரெண்டு ஆளு தூக்கற சவுக்குக் கட்டய நா ஒண்டியா தூக்குவேன்னு போடு.”

“இப்ப தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே.”

“இப்ப யாரு தூக்கறா? தூக்கினவதான்னு போடு.”

அப்படியே எழுதினேன். அந்த விண்ணப்பத்தில் டாக்டரின் பென்சில் படாத ஒரே வாக்கியம் அது.

சென்னையில் நாள் கிடைத்தது. சித்திரை மாதத்தில். எங்கள் நிதியோ பங்குனியோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் வள்ளி சென்னைக்குப் போகமுடியும். அதற்குப் பிறகும் ஊசி தொடரும். இது ஒரு கவலை. இன்னொன்று கன்னியம்மா. ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்துவிட்டோம், வண்டி சொல்லிவிட்டோம், “எப்ப சம்மதக் கையெழுத்துப் போடறீங்க?” என்று கேட்டால், “பாக்கலாம்” என்பார். அடுத்த வாரம் போனாலும் “பாக்கலாம்.” வள்ளியின் கணவன் ஏழுமலை அம்மாவைப் பார்ப்பான், பிறகு ஏரியைப் பார்ப்பான். கன்னியம்மா பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். செலவைப் பற்றி நம்பிக்கை வரவில்லை என்று டாக்டர் நினைத்தார்.

புதுப்பிப்பதற்கு முன்னால் நிதி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, பதிவானவர்களை அவரவர் இருப்பிடத்தில் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. பெங்களூரிலிருந்து அனந்தன் என்பவர் வருவதாகக் கடிதம் வந்தது. நாளையும் அவர்களே குறித்திருந்தார்கள். ஏழுமலையிடம் சொல்லி அனுப்பினேன். “சரிம்மா” என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அனந்தன் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; நல்ல தமிழ் பேசினார். மரியாதையானவர்தான். ஆனால் வழித்துணைச் செலவை அவர் அலுவலகம் ஏற்கெனவே கேள்வி கேட்டிருந்தது. நோயாளிக்கு உதவுவது சரி, கூட வருபவருக்கு எதற்குக் கூலி என்று வண்டியில் வரும்போதே கேட்டுக்கொண்டு வந்தார்.

குடியிருப்பில் ஒருவர்கூட இல்லை. கதவுத் தட்டிகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கோழிகளைக்கூடக் காணோம். ஒரு நாய் மட்டும் எழுந்து வந்து அனந்தனின் காலணியை முகர்ந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவர் கையிலிருந்த பதிவுகளைப் பார்த்தார், குடிசைகளைப் பார்த்தார்.

“மேடம், இவங்கள்லாம் இங்கதான் இருக்காங்களா?”

அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் எங்கள் இருவருக்கும் புரிந்தது. டாக்டர் அவரிடம், “சார், காலையில சாப்பிட்டீங்களா?” என்றார். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

நல்லவேளையாகக் கரைமேல் வண்டியில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு விவசாயி எங்களைப் பார்த்து நின்றார். “இன்னா மேடம், இன்னிக்கு வந்துகிறீங்க? அவங்கள்லாம் கடலுக்குப் போய்க்கிறாங்க. மாசிப் பௌர்ணமி ஆச்சே. மாபலிபுரத்துல போய்ப் பாருங்க.”

மாசி மகம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டிலும் விளக்கேற்றும் நாள்தான். ஆனால் இருளர் குடும்பங்கள் ஊர் ஊராகக் கிளம்பி, மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடித் தங்கள் கன்னியம்மனைக் கும்பிடும் நாள் அது என்பது, ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாக்டர் அனந்தனைப் பார்த்தார். “இருப்பிடத்துல பார்க்கணும்னுதானே விதி? இன்னிக்கு அவங்க இருப்பிடம் அங்க இருக்கு. போகலாமா?”

பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் புடவைகள். நான்கு கழிகளை மணலில் ஊன்றி, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டி, அதற்குள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் எப்படித் தேடுவது என்று மலைத்து நின்றபோது, ஊதாப் புடவைக் கூடாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“யக்கா! நீ எங்க இங்க?”

வள்ளி சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏழுமலை. எனக்கு வந்த ஆத்திரத்தை அவன்மீதுதான் காட்டினேன். “இன்னிக்கு சார் வருவாருன்னு சொன்னேனே ஏழுமலை?”

“வருவாருன்னு சொன்னீங்கம்மா. நாங்க இருக்கணும்னு சொல்லலியே.”

டாக்டர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

அனந்தன் மணலில் உட்கார்ந்து தம் வேலையைத் தொடங்கினார். குடும்ப அட்டை இல்லை. காப்பீட்டு அட்டை இல்லை. “கதவு எண்?” என்று அவர் கேட்டபோது வள்ளி கூடாரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இன்னிக்கு இந்தப் பொடவதான் சார் கதவு. நம்பரு நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்க.”

அவரும் சிரித்துவிட்டார். பிறகு, “உங்களுக்கு மூச்சு வாங்குதே, இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பதில் கன்னியம்மாவிடமிருந்து வந்தது. “இவளுக்கோசரம்தான் சார் வந்தோம். நெஞ்சுக்குள்ள கம்பி வுட்டுப் பலூன் ஊதணும்னு சொல்றாங்கோ. எங்க அம்மாவக் கேக்காம எப்பிடி அனுப்பறது? கடல்லதான் அவ கீறா. நாளைக்குக் காலைல சொல்லுவா.”

அத்தனை மாதப் ‘பாக்கலாம்’களுக்கும் பொருள் அப்போதுதான் விளங்கியது. டாக்டர் கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே கன்னியம்மா?”

“சொன்னா நீ சிரிப்ப டாக்டரம்மா.”

“சிரிக்க மாட்டேன்.”

கன்னியம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இப்பத் தெரியுது” என்றார்.

அன்றே திரும்ப வேண்டிய அனந்தன் ஊரில் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டார். விதியில் அதற்கு இடமில்லை. டாக்டரும் நானும் பக்கத்து அறையில் தங்கினோம். பதிவு செய்த மற்றவர்களையும் ஒவ்வொரு கூடாரமாகப் போய்ப் பார்த்தார். மாலைக்குள் அவர் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

விடியலில் கரைக்கு வந்தோம். ஈரமணலில் அம்மனுக்கு ஏழு படி கட்டி, பூ வைத்து, பொரியும் தேங்காயும் படைத்திருந்தார்கள். ஏழுமலையின் பெரியப்பா எல்லப்பன்மீது அருள் வந்தது. மரம் வெட்டுகிற, அதிகம் பேசாத மனிதர். கன்னியம்மா வள்ளியை முன்னால் நிறுத்திக் கேட்டார். டாக்டரின் கை என் மணிக்கட்டைப் பற்றியது. எத்தனையோ கடினமான நேரங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவர் இன்னொருவரைப் பற்றிக்கொண்டு நின்றதை அன்றுதான் கண்டேன். வேண்டாம் என்று ஒரு சொல் வந்தால், எங்கள் நிதியும் ஏற்பாடும் எதுவும் அந்தப் பெண்ணைச் சென்னைக்குக் கொண்டுசேர்க்காது.

எல்லப்பன் அலையைப் பார்த்து நின்றார். பிறகு உரக்கச் சொன்னார்: “போவட்டும். ஒண்டியா அனுப்பாத. நாலு பேரு கூடப் போங்க. போன அஞ்சு பேரும் அஞ்சு பேரா திரும்பி வாங்க.”

வள்ளி முதல் முறையாக அழுதாள். நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

“நாலு பேரா?” என்று அனந்தன் எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

டாக்டருக்கும் கேட்டுவிட்டது. “விண்ணப்பத்துல ஒருத்தர்தான் போட்டிருக்கோம் சார்.”

அவர் காலணியைக் கவிழ்த்து மணலைக் கொட்டினார். “சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டாங்களே மேடம். நீங்க மாத்திப் போடுங்க.”

திரும்பி வந்து விண்ணப்பத்தைத் திருத்தினேன். துணை நால்வர், காரணம் என்ன? மக்களின் நம்பிக்கை, பண்பாடு, கூட்டு முடிவு என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். டாக்டர் பென்சிலால் முழுவதையும் அடித்துவிட்டு, ‘குடும்பம் கேட்டது’ என்று மட்டும் எழுதினார். பெங்களூரிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. நிதி புதுப்பிக்கப்பட்டது.

சித்திரையில் கிளம்பும் நாள் வந்தது. ஏழுமலை, கன்னியம்மா, ஏழுமலையின் அக்கா என்று மூவர் தயார். நான்காவதாக வருவதாக இருந்த எல்லப்பனுக்குக் காலில் கோடரி பட்டுவிட்டது. கன்னியம்மா மையத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். அதுவரை என்னை ‘அம்மா’ என்றுதான் அழைப்பார்.

“பொண்ணே, நாலாவது ஆளு நீ வா.”

வீட்டில் சொன்னபோது மாமனார் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். “ஏரிக்கரைக்காரங்களோட போய்த் தங்கறதா? ஆஸ்பத்திரியிலயா?” என்றார். என் கணவர் அன்றுதான் வாயைத் திறந்தார். “நாலு பேரு வேணும்னு சொல்லிக்கிறாங்க நைனா. மூணு பேராப் போனா எப்பிடி?” காலையில் எங்கள் ஐவரையும் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரே போர்வையைக் கன்னியம்மாவும் நானும் விரித்துக்கொண்டோம். வள்ளியை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மற்ற இருவருக்கும் பாதியை ஒதுக்கி, இலையை என் பக்கம் நகர்த்தினார். நாங்கள் ஒரே இலையில் சாப்பிட்டோம்.

வெளியே கொண்டுவந்தபோது வள்ளி விழித்துத்தான் இருந்தாள். “யக்கா, எத்தினி திருவிழாவுக்குப் போயிருப்பேன், ஒருத்தரும் ஒரு பலூன் வாங்கித் தரல. இப்ப உள்ளயே ஊதிட்டாங்க” என்றாள். “பேசாத, மூச்சு வாங்கும்” என்று கன்னியம்மா அதட்டினார். “வாங்கல அத்த” என்றாள் வள்ளி. சொல்லிவிட்டு, அப்போதுதான் அவளே அதைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கன்னியம்மா ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு எண்ணினார். என் தலையையும் தொட்டார்.

அதன்பின் எத்தனையோ பேர் சென்னைக்குப் போய்வந்தார்கள். சிலருக்குத் துணையாக ஒருவரே போதுமென்றார்கள்; சிலர் நால்வரையும் கேட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று என்னால் எழுத முடியாது. துணையில்லாததால் யாரும் போகாமல் இருந்துவிடவில்லை என்று மட்டும் எழுதமுடியும். ஆகவே நிவேதா, நாலு என்பதைக் குறைக்காதே. கட்டத்துக்குள் அடங்கும் காரணத்தை டாக்டர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஏரிக்கரையில் இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு எண் உண்டு. குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் வந்துவிட்டன. செங்கல் சூளைக்கும் அரிசி மில்லுக்கும் போய்வரும் சில குடும்பங்களுக்கு இன்னும் இல்லை. மையம் அவர்களுக்காகத் திறந்திருக்கிறது. அனந்தன் அந்த வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. எல்லப்பன் இல்லை. கன்னியம்மா போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. டாக்டர் சுலோசனா சென்ற மழைக்காலத்தில் உறக்கத்தில் காலமானார்.

வள்ளி இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளத் தன் மகளோடு மையத்துக்கு வருகிறாள்.